மனசுக்குக் கடிகாரம் வைத்தவர்கள்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: உளவியலின் தந்தை வில்ஹெல்ம் வுண்ட்; முதல் ஆய்வுக்கூடம் 1879, லீப்சிக். ஒரு மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் அந்த வருஷம் ஜெர்மனியின் லீப்சிக் நகரில் அப்படி என்னதான் நடந்தது என்று தேடிப் போனால் ஏமாற்றம்தான். திறப்பு விழா கிடையாது. உலகை உலுக்கிய கண்டுபிடிப்பு எதுவும் வெளியாகவில்லை. கருவிகளுக்குப் பணம் கேட்டு வுண்ட் எழுதிய மனுவைக்கூட அரசு ஏற்கவில்லை. ஏழை மாணவர்களுக்குச் சாப்பாடு போடுவதற்காகப் பல்கலைக்கழகம் வைத்திருந்த கட்டடத்தில், சாமான் போட்டு வைக்க அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் மாக்ஸ் ஃபிரீட்ரிஷ் என்ற மாணவர் தன் முனைவர் பட்டத்துக்கான அளவீடுகளைத் தொடங்கினார். 1879-ன் சம்பவம் அவ்வளவுதான்.

அந்த மாணவர் எதை அளந்தார் என்பதுதான் விஷயம். கண் எதிரே எண்களைக் காட்டி, அவை இன்ன எண்கள் என்று மனதில் தெளிவாகப் பதிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். சோதனைக்கு உட்கார்ந்தவர்களில் வுண்டும் ஒருவர். எண்ணங்களுக்கும் நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைக் கருவி வைத்து அளக்கலாம் என்ற துணிச்சல் தத்துவப் பேராசிரியர் ஒருவருக்கு எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பின்னால் போய், வானியலாளர்களின் ஒரு தலைவலியிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கெலின் தலைமை வானியலாளர். டேவிட் கின்னெப்ரூக் அவருடைய உதவியாளர். ஒரு விண்மீன் உச்சிக்கோட்டை, அதாவது தலைக்கு மேலே வடக்கு தெற்காக வானத்தில் போகும் கற்பனைக் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அன்றாட வேலை. தொலைநோக்கியின் பார்வைப் பரப்பில் செங்குத்தாக மெல்லிய இழைகள் கட்டியிருக்கும். பார்ப்பவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்து விநாடியை மனதில் வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, காதில் விழும் கடிகாரத்தின் ‘டிக்’ ஒலியை எண்ணிக்கொண்டே இருப்பார். விண்மீன் நகர்ந்து வரும். ஒரு ‘டிக்’கின்போது இழைக்கு இந்தப் பக்கம் எங்கே இருந்தது, அடுத்த ‘டிக்’கின்போது அந்தப் பக்கம் எங்கே இருந்தது என்பதை ஒப்பிட்டு, இழையைத் தொட்ட கணத்தைப் பத்தில் ஒரு விநாடி வரை மதிப்பிட வேண்டும். கண் ஒரு வேலை, காது ஒரு வேலை, மனம் இரண்டையும் முடிச்சுப் போடும் வேலை.

1795-ல் கின்னெப்ரூக் குறித்த நேரங்கள் மாஸ்கெலின் குறித்தவற்றைவிட அரை விநாடி பின்தங்கத் தொடங்கின. அவரிடம் எடுத்துச் சொன்னார்கள். திருத்திக்கொள்ள முயன்றிருப்பார், ஆனால் 1796 ஜனவரிக்குள் வித்தியாசம் 0.8 விநாடியாக வளர்ந்துவிட்டது. வேலை போயிற்று. முக்கால் விநாடிக்காகவா வேலையை விட்டு நீக்குவார்கள் என்று தோன்றலாம். பூமி சுழலும் வேகத்தில் 0.8 விநாடி என்பது நிலநடுக்கோட்டில் சுமார் 370 மீட்டர். கடல் வழி காட்டுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு வானாய்வகத்தால் அதைச் சும்மா விட முடியாது. மாஸ்கெலின் இதைத் தன் பதிவேட்டிலேயே எழுதி அச்சிட்டார். உதவியாளர் ஏதோ சொந்தமாக ஒரு குழப்பமான முறையைப் பிடித்துக்கொண்டார் என்பது அவர் முடிவு. தன் பக்கம் எதுவும் இருக்கலாம் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. தலைமைப் பதவியில் இருப்பவர்கள் பொதுவாக அப்படி நினைப்பதில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு ஜெர்மன் இதழொன்றின் வழியாக கோனிக்ஸ்பெர்க் வானியலாளர் பெஸ்ஸலின் கண்ணில் பட்டது. நல்ல பயிற்சி உள்ள ஒருவர், எச்சரித்த பிறகும், இவ்வளவு தவறு செய்வாரா என்று அவருக்குச் சந்தேகம். தன்னையும் சக வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கும் ஆர்கெலாண்டருக்கும் இடையே ஒரு விநாடிக்கும் மேல் வித்தியாசம் வந்தது, கின்னெப்ரூக் தேவலை. இரண்டு பேருமே முதல்தரமான வானியலாளர்கள். யாருடைய நேரம் சரியான நேரம் என்று சொல்ல வழியே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு திருத்த எண் வைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்வது என்று வானியலாளர்கள் ஒப்புக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இதற்கு ‘ஆள்சார் சமன்பாடு’ என்று பெயர். தங்கள் கணக்கு சரியானதும் அவர்களுக்கு இதில் அக்கறை போய்விட்டது. பார்ப்பவரின் மனதில் அந்த ஒரு விநாடி எங்கே செலவாகிறது என்ற கேள்வி அநாதையாகக் கிடந்தது.

அதை அன்றைய தத்துவவாதிகள் எடுத்துக்கொள்ளாததற்கும் காரணம் உண்டு. மனதைப் பற்றிய படிப்பு உண்மையான அறிவியலாக ஆகவே முடியாது என்று ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1786-லேயே எழுதிவிட்டார். கணிதத்தைப் பொருத்த முடியாத இடத்தில் அறிவியல் இல்லை. மனதில் நிகழ்பவை காலத்தில் ஓடுகின்றனவே தவிர இடத்தில் நிற்பவை அல்ல. எனவே அளவுகோல் வைக்க முடியாது. வாதம் வலுவானது. பின்னால் வந்தவர்கள் இதை வாதம் செய்து உடைக்கவில்லை, அளந்து காட்டிவிட்டார்கள்.

அளவுகோலுக்கு முதல் வழி எடையிலிருந்து வந்தது. லீப்சிக் உடலியல் பேராசிரியர் வெபர் 1834-ல் ஓர் எளிய உண்மையை வெளியிட்டார். கையில் தூக்கிப் பார்த்து இரண்டு எடைகளில் எது கனம் என்று சொல்ல, அவற்றின் வித்தியாசம் சுமார் நாற்பதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 400 கிராமோடு 410 கிராமைப் பிரித்தறிவோம். 4 கிலோவோடு அதே 10 கிராமைச் சேர்த்தால் கைக்குத் தெரியாது. 100 கிராம் சேர்க்க வேண்டும். நம் புலன்கள் கூட்டல் கழித்தலில் இயங்குவதில்லை, விகிதத்தில் இயங்குகின்றன.

அதே ஊரில் இருந்த ஃபெக்னர் இதைப் பிடித்துக்கொண்டார். இயற்பியல் பேராசிரியர். கண்ணை மூடிய பின்னும் நிற்கும் பின்னுருவங்களை ஆராய, நிறக் கண்ணாடி வழியே சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். வேலையை விட்டு, சில ஆண்டுகள் இருட்டறையில் ஏறக்குறைய துறவிபோல வாழ்ந்து, 1843 வாக்கில் மீண்டார். மீண்ட மனிதர் செடிகொடிகளுக்கும் ஆன்மா உண்டு என்று தனி நூலே எழுதினார். உடலும் மனமும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள் என்பது அவர் நம்பிக்கை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்க வேண்டுமே என்ற யோசனை 1850 அக்டோபர் 22 காலை, படுக்கையில் இருந்தபோது வந்ததாக அவரே குறித்திருக்கிறார். தூண்டல் (எடை, ஒளி போல வெளியிலிருந்து புலனைத் தொடுவது) பெருக்கல் கணக்கில் ஏறும்போது உணர்வு கூட்டல் கணக்கில் ஏறுகிறது. மடக்கை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். பிறகு பத்தாண்டுகள் உட்கார்ந்து, தானே பல பத்தாயிரம் முறை எடைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் குறித்து, 1860-ல் ‘மனோபௌதிகத்தின் அடிப்படைகள்’ என்ற நூலாக வெளியிட்டார். உளவியலுக்கு எண்ணைக் கொண்டுவந்தவர் பொருள்முதல்வாதி இல்லை, பச்சை ஆன்மவாதி என்பதைப் பாடநூல்கள் ஏனோ அடக்கியே வாசிக்கின்றன.

ஃபெக்னர் தன் விதிக்கு எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று விண்மீன்களின் ஒளித்தரம். பழங்காலத்திலிருந்து வானியலாளர்கள் கண்ணால் பார்த்தே விண்மீன்களை முதல் தரம் தொடங்கி ஆறாம் தரம் வரை பிரித்து வைத்திருந்தார்கள். கண்ணுக்கு அவை சமமான படிகள். ஒளியை அளந்தால் ஒவ்வொரு படிக்கும் பெருக்கல் விகிதம் வருகிறது. முதல் தரம் ஆறாம் தரத்தைவிடச் சுமார் 100 மடங்கு பிரகாசம். ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று இதை நிலைநிறுத்தும்படி 1856-ல் முன்மொழிந்தவர் நார்மன் பாக்சன். இன்றும் வானியலில் அதுதான் அளவு. அந்த பாக்சன் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். வானிலை ஆய்வு மையம் இருக்கிற அந்த வளாகத்துக்கும் உளவியலின் பூர்வ கதைக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

இரண்டாவது அளவுகோல் நேரம். நரம்பு வழியே செய்தி போகும் வேகம் மின்னலைப் போன்றது, அளக்கவே முடியாது என்று பெர்லின் உடலியல் மேதை யோகன்னஸ் முல்லர் நம்பினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் ஒரு தவளைக் காலில் அளந்துவிட்டார். நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஒரு முறை தூண்டினார்; தள்ளி இன்னொரு இடத்தில் மறுமுறை தூண்டினார். இரண்டாவது முறை தசை சுருங்க ஆயிரத்தில் ஓரிரு விநாடி கூடுதலாகப் பிடித்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காலில் முள் குத்தியதற்கும் அது நமக்குத் தெரிவதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்பது அப்போதுதான் எண்ணாக மாறியது.

அடுத்து வந்தது ஒரு கருவி. ஸ்விட்சர்லாந்தின் நூஷாடெல் நகரில் தந்திக் கருவிகள் செய்துவந்த ஹிப் என்பவர், ஆயிரத்தில் ஒரு விநாடி வரை காட்டும் கடிகாரம் ஒன்றை உருவாக்கியிருந்தார். அதே ஊர் வானாய்வகத்தின் இயக்குநர் ஹிர்ஷ் 1860-களின் தொடக்கத்தில் அதை மனிதர்கள்மீது திருப்பினார். ஒலி கேட்டதும் விசையை அழுத்தச் சொன்னால் சுமார் 0.15 விநாடி, ஒளி கண்டதும் அழுத்தச் சொன்னால் சுமார் 0.2 விநாடி. டச்சு நாட்டின் உட்ரெக்டில் டோண்டர்ஸ் இதிலிருந்து ஒரு படி மேலே போனார். காலில் சிறு மின்னதிர்ச்சி. வலது காலில்தான் வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் வலது கையால் பதில் சொல்ல ஒரு நேரம் ஆகும். எந்தக் காலில் வரும் என்று சொல்லாமல் விட்டு, அந்தந்தப் பக்கக் கையால் பதில் சொல்லச் சொன்னால் அதைவிடச் சுமார் பதினைந்தில் ஒரு விநாடி கூடுதல். கால், நரம்பு, கை எல்லாம் இரண்டிலும் ஒன்றே. கூடுதலாக நடந்தது ‘எந்தப் பக்கம்’ என்று தீர்மானித்தது மட்டும். எனவே கழித்தால் வருவது தீர்மானத்தின் நேரம். 1868-ல் வெளியான இந்தக் கட்டுரையை இன்று படித்தாலும் புல்லரிக்கும்.

இப்போது வுண்டுக்கு வருவோம். 1832-ல் மான்ஹைம் அருகே பிறந்து மருத்துவம் படித்தவர். ஹைடல்பெர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு உதவியாளராக இருந்தவர். 1861-ல் ஓர் ஊசல் கடிகாரத்தை மாற்றியமைத்துத் தன்மீதே ஒரு சோதனை செய்தார். ஊசல் ஆடும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மணி ஒலிக்கும். மணி கேட்ட கணத்தில் ஊசலின் முனை எந்த அளவுக்கோட்டில் இருந்தது? அவர் கண்ட இடமும் உண்மையான இடமும் ஒத்துப்போகவில்லை; எட்டில் ஒரு விநாடி அளவுக்கு வித்தியாசம். மணியைக் கவனித்தால் முனை நழுவுகிறது, முனையைக் கவனித்தால் மணி நழுவுகிறது. கவனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ நேரம் எடுக்கிறது என்று அவர் விளக்கினார். கிரீனிச்சில் கடிகாரமும் விண்மீனும். இங்கே மணியும் ஊசலும். வானியலாளர்கள் திருத்த எண் போட்டு மூடிவிட்ட இடத்தை வுண்ட் திறந்து, அதிலேயே ஒரு துறையைக் கட்டினார். அவருடைய உளவியலின் மையம் கவனம்தான் என்பது இந்தச் சோதனையிலேயே தெரிகிறது.

லீப்சிக் கூடத்தில் ஒரு சோதனை இப்படி நடக்கும். ஹிப் கடிகாரம் ஓடும்போது அதன் ரீங்காரம் கவனத்தைக் கலைக்கும் என்பதால், கருவிகளையும் ஆளையும் வெவ்வேறு அறைகளில் வைப்பதுண்டு. நடுவே தந்திக் கம்பிதான் தொடர்பு. உட்கார்ந்திருப்பவர் தந்தி விசையில் விரலை வைத்திருப்பார். சமிக்ஞை வந்ததும் விரலை எடுக்க வேண்டும். மின்கலம் சற்று வலுவிழந்தாலும் கடிகாரம் பொய் சொல்லும் என்பதால், தெரிந்த உயரத்திலிருந்து விழும் ஒரு சுத்தியலை வைத்து அவ்வப்போது கருவியைச் சரிபார்ப்பார்கள். இன்று சோதிப்பவராக இருக்கும் மாணவர் நாளை சோதனைக்கு உட்காருவார். நாற்காலியில் சாய்ந்து தன் மனதைத் தானே துழாவும் தத்துவப் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. உள்நோக்கு என்று வுண்ட் சொன்னது பயிற்சி பெற்றவர், கட்டுக்குள் இருக்கும் ஒரு தூண்டலைப் பற்றி, உடனடியாகச் சொல்லும் சிறிய பதில். திரும்பத் திரும்பச் செய்து பார்க்கக்கூடியது. இதைப் பின்னால் வந்தவர்கள் குழப்பிவிட்டு, வுண்ட் மனதை எட்டிப் பார்க்கச் சொன்னவர் என்ற பேரை ஏற்படுத்திவிட்டார்கள்.

அந்தச் சலிப்பூட்டும் வேலையிலிருந்து அழகான முடிவுகளும் வந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த மாணவர் கட்டெல், பழக்கமான ஒரு சிறு சொல்லைக் கண்டுணர ஒற்றை எழுத்தைக் கண்டுணர்வதற்குக் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகிறது என்று காட்டினார். நாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, சொல்லை மொத்தமாகவே பிடிக்கிறோம் என்பது அதிலிருந்து அவர் எடுத்த முடிவு. நிறத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதைவிட, எழுதியிருக்கும் சொல்லைப் படிப்பது விரைவாக நடக்கிறது என்பதும் அவர் கண்டது. 1888-ல் லாங்கே என்ற இன்னொரு மாணவர், வரப்போகும் ஒலியில் கவனத்தை வைத்திருப்பவருக்கும் எடுக்கப்போகும் விரலில் கவனத்தை வைத்திருப்பவருக்கும் பத்தில் ஒரு விநாடி வரை வித்தியாசம் வருகிறது என்றார். மாஸ்கெலினும் கின்னெப்ரூக்கும் ஒரே விண்மீனை இருவேறு விதமாகக் கவனித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

வுண்டின் பெரிய சாதனை எந்தத் தனி முடிவும் இல்லை என்பேன். ஃபெக்னர் தனி மனிதர். டோண்டர்ஸுக்குக் கண் மருத்துவமும் உடலியலும்தான் தொழில். வுண்டிடம்தான் வகுப்பு, கூடம், பட்டம், 1881-ல் தொடங்கிய ஆய்விதழ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1883-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. போய்விடுவாரோ என்று பயந்த பிறகுதான் லீப்சிக் நிர்வாகம் கூடத்துக்கு முறையான அங்கீகாரமும் பணமும் கொடுத்தது. எதிரே வேறு வேலைக்கான கடிதத்தைக் காட்டினால்தான் சம்பளம் உயரும் என்பது அப்போதும் அப்படித்தான் போலும்.

கூடத்தின் நிழலே படாமல் ஒரு மனிதர் இன்னொரு கதவைத் திறந்தார். ஹெர்மன் எபிங்ஹாஸ், பாரிஸில் பழைய புத்தகக் கடையில் ஃபெக்னரின் நூலை வாங்கிப் படித்து, எடையையும் ஒளியையும் அளக்கலாம் என்றால் ஞாபகத்தை ஏன் அளக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நினைவாற்றல் போன்ற உயர்நிலைச் செயல்கள் சோதனைக்கு வளையாது என்று வுண்ட் கருதிய காலம் அது. எபிங்ஹாஸிடம் கூடமும் இல்லை, மாணவர்களும் இல்லை, தன்னையே சோதித்துக்கொண்டார். பொருளில்லாத சுமார் 2,300 அசைகளை உருவாக்கி, கடிகாரத்தின் தாளத்துக்கு நிமிஷத்துக்கு 150 என்ற வேகத்தில் வாசித்து மனப்பாடம் செய்தார். பிறகு மறக்க விட்டு, மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். இருபது நிமிஷம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21. மறதி முதல் ஒரு மணி நேரத்தில் வாரிக்கொண்டு போய், பிறகு அடங்கிவிடுகிறது. 1885-ல் வந்த அந்தச் சிறு நூலின் வளைகோடு இன்றைய ஆய்வுகளிலும் ஏறக்குறைய அப்படியே வருகிறது. ஒரே ஆளை வைத்துச் செய்த சோதனை இவ்வளவு காலம் நிற்பது அபூர்வம்.

லீப்சிக்கில் படித்தவர்கள் உலகெங்கும் கூடம் திறந்தார்கள். அமெரிக்காவில் 1900 வாக்கில் சுமார் நாற்பது கூடங்கள் இருந்தன. அங்கே இத்துறையின் பெரியவர் வில்லியம் ஜேம்ஸுக்கு இந்த ஜெர்மன் பொறுமை பிடிக்கவில்லை. சலிப்பு என்பதையே அறியாத மக்கள் வாழும் நாட்டில்தான் இப்படி ஒரு முறை தோன்ற முடியும் என்று கிண்டலடித்தார். ஜேம்ஸ் இருந்த ஹார்வர்டில் எல்லாப் பெண்களையும் போல மேரி கால்கின்ஸும் வெளியாளாகவே படிக்க அனுமதிக்கப்பட்டார். 1895-ல் தேர்வில் ஆசிரியர்கள் ஒருமனதாகப் பாராட்டியும், பெண் என்பதால் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரியின் பெயரில் பட்டம் தருவதாகப் பின்னர் சொன்னபோது, அவர் வேண்டாம் என்றுவிட்டார். 1905-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். கடைசிவரை ஹார்வர்ட் பட்டம் வரவில்லை.

இந்தியாவுக்கும் லீப்சிக்கிலிருந்தே கிளை வந்தது, சுற்று வழியில். வுண்டின் மாணவர் மூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்குப் போனார். அவரிடம் படித்த நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறை தொடங்கியது. மைசூரில் 1924-ல் துறையைத் தொடங்கிய கோபாலசாமி லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். அந்த ஸ்பியர்மன் பிரிட்டிஷ் ராணுவ உத்தியோகத்தை உதறிவிட்டு லீப்சிக் போய், வயது நாற்பதைத் தாண்டிய பிறகு வுண்டிடம் பட்டம் வாங்கியவர்.

கட்டிய வீட்டில் விரிசலும் அதே தலைமுறையில் வந்தது. வுண்டின் உதவியாளராக இருந்த க்யூல்பே வூர்ஸ்பெர்க் போய், சிந்தனையையே சோதனைக்கு எடுத்தார். படமோ சொல்லோ எதுவும் மனதில் தோன்றாமலே எண்ணம் ஓடுகிறது என்று அவருடைய ஆட்கள் சொன்னார்கள். அமெரிக்காவில் கார்னெலில் இருந்த டிச்சனரின் ஆட்கள், இல்லை, மங்கலாகவாவது ஏதோ ஒரு படிமம் இருக்கிறது என்றார்கள். இரண்டு தரப்பும் பயிற்சி பெற்றவர்களே. யார் மனதில் இருப்பதை யார் போய்ச் சரிபார்ப்பது? வுண்ட் இரண்டையுமே ஏற்கவில்லை. இப்படி நீளமாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது போலிச் சோதனை என்றார். மொழி, புராணம், வழக்கம் போன்றவற்றைக் கூடத்துக்குள் கொண்டுவர முடியாது, அவற்றைச் சமூக வரலாற்றில்தான் தேட வேண்டும் என்று, 1900 முதல் 1920-ல் இறக்கும்வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். அதைப் பெரும்பாலானோர் படிக்கவில்லை. 1913-ல் அமெரிக்க உளவியலாளர் வாட்சன் வந்து, மனதுக்குள் பார்ப்பதை அடியோடு விடுங்கள், நடத்தையை மட்டும் பாருங்கள் என்றபோது, அமெரிக்காவில் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

டோண்டர்ஸின் கழித்தல் முறையையும் க்யூல்பே விட்டுவைக்கவில்லை. ஒரு வேலையோடு தீர்மானம் என்ற படியைச் சேர்த்தால், மற்ற படிகள் முன்போலவே இருக்கும் என்று எப்படிச் சொல்வது, வேலை மொத்தமுமே மாறிவிடுகிறதே என்று 1893-ல் கேட்டார். கேள்வி நியாயமானது, முறை பல பத்தாண்டுகள் மூலைக்குப் போனது. 1960-களின் இறுதியில் சால் ஸ்டெர்ன்பெர்க் படிகளைக் கழிக்காமலே அவற்றைப் பிரித்தறிய வேறு வழி கண்டு, வினை நேர (தூண்டலுக்குப் பதில் தர ஆகும் நேரம்) ஆய்வுக்கு உயிர் கொடுத்தார். பிறகு மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்தன. சொல்லைப் படிக்கும்போது ஒரு படம், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு படம், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் படிப்பதற்கு உழைக்கும் பகுதி. இந்தக் கணக்கு டோண்டர்ஸுடையது. அந்தப் படங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் எழும் முதல் ஆட்சேபமும் பெரும்பாலும் க்யூல்பே கேட்ட அதே கேள்விதான்.